புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

அன்புள்ள சரவணா,

போன வாரம் நீ அனுப்பிய மெசேஜ் ஒரே வரிதான். "அம்மா, துப்பாக்கி என்ன மேக், என்ன விலை போகும், சீக்கிரம் கேட்டுச் சொல்லு." அதற்குப் பதிலும் ஒரே வரியில் இருந்திருந்தால் நான் இப்படி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். போனில் சொல்லலாம் என்றால் நீ நடுவில், "சரிம்மா, பாயின்ட்டுக்கு வா" என்பாய். பாயின்ட் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை, அப்புறம் எங்கே வருவது? கல்யாணம் ஆகப்போகிற பையன், அம்மா எழுதியதை ஒரு தடவை உட்கார்ந்து படித்தால் ஒன்றும் குறைந்துவிடாது. நித்யாவையும் படிக்கச் சொல். எழுதி முடித்ததும் இதைப் போட்டோ எடுத்து நம் சொந்தக்காரர்கள் குரூப்பிலும் போடப் போகிறேன். விடிந்ததும் பூப்படம் போட்டு வணக்கம் சொல்கிறவர்கள் எல்லாம் இதையும் படிக்கட்டும். ஏன் என்று கடைசியில் உனக்கே புரியும்.

நித்யாவுக்கு ஒன்றும் தெரியாது என்பதால் முதலில் இருந்து சொல்கிறேன். உன் தாத்தாவுக்கு முடிச்சூரில் ஏரிக்குக் கீழே நெல் நிலம் இருந்தது. அறுவடை சமயத்தில் வண்டலூர்க் காட்டில் இருந்து பன்றி இறங்கும். அதற்காக லைசென்ஸ் எடுத்து, தாம்பரம் ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு ஆங்கிலோ இந்தியர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனபோது அவரிடம் இருந்து இந்தத் துப்பாக்கியை வாங்கினாராம். ஒற்றைக் குழல். பின்பக்கம் சதுரமாக, கூன் விழுந்த மாதிரி இருக்கும். எனக்குக் கல்யாணமாகி வந்த மறு வருஷம் பாகப் பிரிவினை நடந்தது. உன் பெரியப்பாவுக்கு ரோட்டோர நிலம். உன் அப்பாவுக்கு உள்ளே ஏரி ஓரம் இருந்த பள்ள நிலமும் துப்பாக்கியும். துப்பாக்கி ஒரு பாகம் என்று அப்போது எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். செங்கல்பட்டில் இருந்து வந்த புதுப்பெண் நான், எனக்கு என்ன தெரியும், நானும் தலையை ஆட்டினேன். ரோட்டு நிலத்தில் அன்றைக்கு முள்ளும் ஆடும்தான் இருந்தன.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். ரோடு அகலமானது, பஸ் வந்தது, மனை விலை ஏறியது. பெரியப்பா வரிசையாகக் கடை கட்டி வாடகைக்கு விட்டார். நம் நிலத்தில் மழைக்கு மழை தண்ணீர் நின்றது. துண்டு துண்டாக, கேட்ட விலைக்கு விற்று உன்னைப் படிக்க வைத்தோம். உன் அப்பா மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தே ஓய்வு பெற்றார். அந்த ரோட்டில் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வீட்டுக்கு வந்து கூடையை வைக்கும்போதே ஆரம்பிப்பேன். "ரோட்டைக் கொடுத்துட்டு இரும்புக் குழாயை வாங்கிட்டு வந்த புத்திசாலி உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்." நீ சின்ன வயதில் இதை என் குரலிலேயே சொல்லிக் காட்டுவாய். உன் அப்பா கோபப்பட்டதே இல்லை. "அதோட மதிப்பு உனக்குத் தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டுவார். நான் பெரியப்பா வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்தினேன், உன் அப்பாவையும் போகக் கூடாது என்றேன். நல்லது கெட்டதுக்கு எதிரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ மட்டும் பொங்கலுக்கு அங்கே போய்க் காசு வாங்கிக்கொண்டு வருவாய். அதை நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். திட்டுகிற நான்தான் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்தத் துப்பாக்கியைத் தேய்ப்பேன். அப்பா தோட்டாவெல்லாம் எடுத்துவிட்டு, கழற்றித் துடைத்து, என்னிடம் கொடுப்பார். குத்துவிளக்கு, தாம்பாளம், மணி, அதோடு துப்பாக்கி. எல்லாவற்றுக்கும் ஒரே புளி, ஒரே செங்கல் பொடி. பித்தளை மின்ன வேண்டும் என்றால் துப்பாக்கியும் மின்ன வேண்டாமா? பக்கத்தில் அசிங்கமாகக் கறுத்துப்போய் இருக்கிறதே என்று இன்னும் இரண்டு கை அழுத்தித் தேய்ப்பேன். கோபத்தில் தேய்த்தேனா, அவர் பொருள் அழகாக இருக்கட்டும் என்று ஆசையில் தேய்த்தேனா, இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. வெள்ளி மாதிரி ஆனதும் சந்தனம் பூசி, பக்கவாட்டில் மூன்று இடத்தில் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றி சாமி முன்னால் சாய்த்து வைப்போம். மறுநாள் அப்பா தொழிற்சாலையில் இருந்து கொண்டுவந்த பஞ்சை எண்ணெயில் நனைத்து, பேசாமல் உட்கார்ந்து மணிக்கணக்காகத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒரே ஒரு தடவை, "கொஞ்சம் மெதுவா தேயேன்" என்றார். "ரோட்டோர நிலம் இருந்திருந்தா வேலைக்கு ஆள் வெச்சுத் தேய்ச்சிருப்பேன்" என்றேன். அவர் பஞ்சை மறுபடி எண்ணெயில் நனைத்தார்.

வெள்ளம் வந்த வருஷத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ஹாஸ்டலில் இருந்து போன் மேல் போன் செய்தாய், லைன் கிடைக்கவில்லை. இங்கே இடுப்பளவு தண்ணீர். நான் நகைப் பெட்டியை எங்கே வைத்தேன் என்று தேடுகிறேன், இந்த மனுஷன் துப்பாக்கியை ரெக்சின் துணியில் சுற்றித் தலைமேல் தூக்கிக்கொண்டு பக்கத்து மாடி வீட்டுக்குப் போகிறார். அன்றைக்கு அந்த மாடி வீட்டு வராந்தாவில், பத்துக் குடும்பம் பார்க்க, நான் பேசின பேச்சு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

சரி, அப்பா போன பிறகு நடந்ததற்கு வருகிறேன். காரியம் முடிந்த கையோடு ஸ்டேஷனில் இருந்து ஒரு ஏட்டய்யா வந்தார். லைசென்ஸ்காரர் இல்லாத வீட்டில் துப்பாக்கி இருக்கக் கூடாது, எங்காவது அனுமதி பெற்ற கடையில் ஒப்படைத்துவிட்டு ரசீது காட்டுங்கள் என்றார். நீயும் நானும் போய் மவுண்ட் ரோடு பக்கம் இருக்கும் அந்தப் பழைய துப்பாக்கிக் கடையில் வைத்துவிட்டு வந்தோம். வாரிசு பேருக்கு மாற்றுவதா, விற்பதா, அரசாங்கத்திடமே கொடுத்துவிடுவதா என்று பிறகு யோசிக்கலாம் என்று நீ சொன்னாய். நானும் தலைமுழுகின மாதிரி நிம்மதியாக இருந்தேன்.

அப்போதுதான் போன மாதம் ஒரு காலையில் உன் பெரியப்பா வந்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நம் வீட்டுக்குள் வருகிறார். வயதாகிவிட்டது, படி ஏறவே கம்பியைப் பிடித்துக்கொண்டார். வரவேற்கவா வேண்டாமா என்று நான் யோசிக்கும்போதே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாம்மா, நல்லா கீறியா?"

"இருக்கேன் மாமா."

"தை மாசம் பையனுக்குக் கல்யாணமாமே. கேள்விப்பட்டேன். நீ சொல்ல மாட்ட, கேள்விப்பட்டாத்தான் உண்டு." காபி கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அப்பா துப்பாக்கி ஒண்ணு கீது இல்ல, அத எனக்குக் குடுத்துடும்மா. ரோட்டு மேல மூலைக் கடை கீதே, மருந்துக் கடை வெச்சுகினு கீறான் பாரு, அத நம்ம சரவணன் பேருக்கு எழுதிடறேன்."

அந்தக் கடையின் விலை என்ன, ஒரு பழைய துப்பாக்கியின் விலை என்ன? யோசிச்சு சொல்றேன் என்று அனுப்பிவிட்டு உனக்கு போன் செய்தேன். நீ என்ன சொன்னாய்? "அம்மா, அவசரப்படாத. அவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. விண்டேஜ் கன்னுக்கெல்லாம் வெளிநாட்டுல என்ன ரேட் தெரியுமா? மொதல்ல அது என்னன்னு கண்டுபிடி." உடனே பத்து வீடியோ அனுப்பினாய். எல்லாவற்றிலும் தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிக் காட்டிப் பேசினார்கள். எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது. துப்பாக்கிக்கு நிறைய விலை என்றால், உன் பெரியப்பா இரண்டாவது தடவையும் நம்மை ஏமாற்ற வந்திருக்கிறார். விலையே இல்லை என்றால், தம்பி போன பிறகு தம்பி மகனுக்குப் பிச்சை போட வந்திருக்கிறார். இரண்டில் எது என்று தெரியாமல் என்னால் சரி என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. உன் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடுவதா இல்லையா என்பதும் அதில்தான் நின்றது. இன்னொன்றும் இருந்தது, அதை உன்னிடம் சொல்லவில்லை. அதற்கு நிஜமாகவே பெரிய விலை இருந்தால், உன் அப்பா முட்டாள் இல்லை என்று ஆகும். இத்தனை வருஷம் முட்டாளாக இருந்தது நான்தான் என்று ஆகும். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

போன வியாழக்கிழமை தாம்பரத்தில் ரயில் ஏறித் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பீரோவில் இருந்து எடுத்து மேஜைமேல் துணி விரித்து வைத்தார். பார்த்த உடனேயே, "பெல்ஜியம்மா இது. இந்தக் கூனப் பாத்தாலே சொல்லிடுவேன்" என்றார். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. அதற்குள் அவர் மகன் வந்து குனிந்து பார்த்தான். உன் வயதுதான் இருக்கும்.

"இல்ல டாடி. இதே டிசைன அமெரிக்காவுலயும் போட்டிருக்காங்க. பெல்ஜியம்னா இடது பக்கம் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், தோட்டா மேல ஏறாம நிறுத்தறதுக்கு. இதுல எங்க இருக்கு?"

"குழலுக்கு அடில முத்திரை பாருடா. பெல்ஜியம் முத்திரைதான?"

"குழல் சரி. உடம்பு?"

அப்பாவும் மகனும் பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தார்கள். கம்பெனிப் பெயர் பக்கவாட்டில் இருக்குமாம். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு எண் உண்டாம், அதை வைத்து எந்த வருஷம் செய்தது என்று சொல்லிவிடலாமாம். கடைக்காரர் விரலால் அந்த இடத்தைத் தடவினார். வழவழவென்று இருந்தது. எண்ணில் கடைசி சில இலக்கங்கள் மட்டும் நிழல் மாதிரி தெரிந்தன. முன்னால் இருந்ததெல்லாம் போயே போய்விட்டது. ஆங்காங்கே சின்னச் சின்னப் பள்ளம் வேறு, அது நான் குங்குமம் வைக்கிற இடம்.

"உள்ள எண்ணெய் போட்டு அவ்ளோ அருமையா வெச்சிருக்காங்க, ஒரு துளி துரு இல்ல. வெளிலதான் யாரோ பாத்திரம் மாதிரி தேச்சிருக்காங்க. யாரும்மா தேச்சது?"

"வேலைக்காரி" என்றேன். நம் வீட்டில் வேலைக்காரி எப்போது இருந்தாள் என்று நீ கேட்காதே. வாயில் வந்துவிட்டது.

அதற்குள் தோட்டா வாங்க வந்த ஒரு பெரியவர், ராணுவத்தில் இருந்தவராம், துப்பாக்கிச் சங்கத்தில் இப்போதும் சுடுகிறாராம், அவரும் எட்டிப் பார்த்தார். கேட்காமலே கழற்றினார். ஒரு தடவை சுட்டால் இந்தக் குழலே பின்னால் ஓடிவந்து திரும்பிப் போகுமாம், அந்த உதையிலேயே அடுத்த தோட்டா தானாக ஏறிவிடுமாம். முன்கட்டையில் விரிசல் இருந்தது. அதற்குப் பித்தளைப் பட்டை அடித்திருந்தது. உள்ளே ஒரு வளையத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் உதை தாங்காமல் கட்டை வெடிக்குமாம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர் ஒரு புதுக் கதை சொன்னார். "உடம்பு அமெரிக்கா, குழல் பெல்ஜியம். யாரோ அந்தக் காலத்துலயே செதுக்கிப் பொருத்தியிருக்காங்க மேடம்." கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. மகன் பாதி ஒத்துக்கொண்டான். மூன்று பேரும் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்கள். நான் நடுவில் புகுந்து, "எதுவா இருந்தாலும் இருக்கட்டும், விலை என்ன?" என்று கேட்டேன்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். முழுக்க ஒரே கம்பெனியாக, மேலே பழைய கறுப்பு நிறம் அப்படியே இருந்திருந்தால், வெளிநாட்டுச் சரக்குக்கு இங்கே தனி மவுசு என்றார். எவ்வளவு என்று நான் அழுத்திக் கேட்டதற்கு அவர் ஒன்று சொன்னார், மகன் அதில் பாதி சொன்னான், ராணுவக்காரர் அதைப்போல மூன்று மடங்கு சொன்னார். "இப்ப இருக்கற நிலைமைல இத இன்னான்னு சொல்லிம்மா விக்கிறது? அதோட இன்னொரு சிக்கல் கீது. இது தானா ஏர்ற ரகம். வாங்கறவருக்கு சாதாரண லைசென்ஸ் பத்தாது, டெல்லி வரைக்கும் அனுமதி கேக்கணும். அவ்ளோ தூரம் யாரு அலைவாங்க?" அப்படியென்றால் உன் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அது அந்தக் காலம், எனக்குத் தெரியாது என்று கையை விரித்துவிட்டார். ஆக, விலை உண்டு, ஆனால் வாங்க ஆள் இல்லை. ஆள் இருந்தால் பெயர் இல்லை. பெயரைத் தேய்த்தது நான்.

ரயிலில் கிண்டி தாண்டும்வரை ஒன்றும் யோசிக்கவே முடியவில்லை. உன் அப்பா சொன்ன மதிப்பு நிஜமாகவே அதில் இருந்ததா? இருந்ததை நான் புளி போட்டுக் கரைத்துவிட்டேனா? இல்லை, முதலில் இருந்தே அது ஒட்டுப்போட்ட சாமானா? இதைத் தெரிந்துகொள்ள இனி வழியே இல்லை. அவருக்காவது தெரியுமா என்று கேட்கலாம் என்றால் அவரும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "அம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் முடிவு செய்தேன். பெரியப்பா ஏமாற்றவில்லை. அப்படியென்றால் பிச்சைதான் போடுகிறார். அது எனக்கு வேண்டாம். நேரில் போய் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும்.

தாம்பரத்தில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராக ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். கடைகளுக்குப் பின்னால், அதே பழைய ஓட்டு வீடு. இவ்வளவு வாடகை வாங்குகிறவர் தனக்கு ஒரு நல்ல வீடு கட்டிக்கொள்ளவில்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வாசலில் சட்டை இல்லாமல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் துண்டைத் தேடினார்.

"மாமா, அந்தத் துப்பாக்கி செல்லாக் காசு. என்ன கம்பெனின்னே தெரியல. நான் தேச்சுத் தேச்சு எழுத்தெல்லாம் போயிடுச்சு. அத உங்க பேருக்கு மாத்தவும் முடியாது, யாருக்கும் விக்கவும் முடியாது. அதனால உங்க கடை எங்களுக்கு வேணாம். எங்களுக்கு யாரும் தானம் பண்ண வேணாம்." ஆட்டோவிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போனதை மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

அவர் பேப்பரை மடித்தார். "புளி போட்டா தேச்ச?"

"ஆமா."

"அடிப்பாவி" என்றார். திட்டுகிறார் என்று பார்த்தால் வாய் சிரிக்கிறது, கண்ணில் தண்ணீர் நிற்கிறது. "அவன் சொல்லியிருக்கான். வருஷா வருஷம் இவ தேய்க்கறாண்ணா, நான் இன்னா பண்றதுன்னுவான்."

"அவரு எப்ப சொன்னாரு? நீங்க ரெண்டு பேரும்தான் பேசிக்கறதே இல்லையே?"

"யாரு சொன்னது? ஞாயித்துக் கெழமையானா கறி வாங்கற சாக்குல இங்கதான் வந்து குந்திகினு இருப்பான்." நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கூட்டம் என்று அவர் சொன்னதை இத்தனை வருஷம் நம்பியிருக்கிறேன், பார்த்தாயா!

அவரே மேலே சொன்னார். "செல்லாக் காசுன்னு எனக்கும் தெரியும்மா. அதுக்கு வெல யாரு போட்டா? எங்கப்பா போட்டாரா? பாகம் பிரிக்கறப்ப யாரும் வெல போடலம்மா. துப்பாக்கின்னா எனக்கு உசுரு. பன்னி அடிக்க அப்பாகூடப் போறது நான்தான். ஆனா என் பேருக்கு லைசென்ஸ் மாத்த முடியல. நீ கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடி, ஏரி மதகுத் தண்ணித் தகராறுல பக்கத்து ஊருக்காரன மம்பட்டிக் காம்பால அடிச்சுட்டு லாக்கப்புல கெடந்தேன், கேஸ் ஓடிகினு இருந்துது. அதான் சின்னவனுக்குப் போச்சு. எனக்கு மனசு ஆறணும்னு ரோட்டு நெலத்த எனக்கு எழுதினாரு. அன்னிக்கி அது இன்னா பெரிய நெலமா? அந்த முள்ளுக் காட்ட வாங்கிகினு நான் எவ்ளோ அழுதேன் தெரியுமா? இதெல்லாம் உனக்குத் தெரியுமே?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் பேப்பரைக் கீழே வைத்தார். "அவன் சொல்லவே இல்லியா? பொண்ணுங்களுக்கு மாப்ள பாக்கணும், லாக்கப்புல இருந்த விஷயம் புதுசா வந்தவங்களுக்குத் தெரிய வேணாம்டான்னு நான்தான் கேட்டுகினேன். ஊர்ல பழைய ஆளுங்களுக்குத் தெரியும், அவங்களும் மறந்துட்டாங்க. பொண்ணுங்க கல்யாணம் முடிஞ்சப்புறமாவது பொண்டாட்டிகிட்ட சொல்லியிருப்பான்னு நெனச்சேன். நெலம் வெல ஏறினப்புறம், வாடா, ஆளுக்குப் பாதி எழுதிக்கலாம்னு எத்தினியோ வாட்டி கூப்ட்டேன். அப்பா குடுத்தத மாத்த வேணாம்னுட்டான். அதான் அவன் போனப்புறம் உன்கிட்ட வந்தேன். சும்மா குடுத்தா நீ மூஞ்சில வுட்டெறிவ. துப்பாக்கிக்குப் பதிலான்னா வாங்குவியோன்னு பாத்தேன்." பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, "அத ஒருவாட்டி கையில வாங்கிப் பாக்கணும்னு ஆசையும்தான்" என்றார்.

சரவணா, நான் உனக்கு என்ன சொல்லட்டும்? "ரோட்டைக் கொடுத்துட்டு வந்த புத்திசாலி" என்று நான் சொல்லும்போதெல்லாம், "எங்கண்ணன் லாக்கப்பில் இருந்தான், அதனால்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் மூடியிருக்கும். மாடி வீட்டு வராந்தாவில் பத்துக் குடும்பம் பார்க்க நான் பேசினபோதும் அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் இருந்து வரவில்லை. அண்ணன் மானம் போகக் கூடாது என்று பெண்டாட்டியிடம் முட்டாள் பட்டம் வாங்கிக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டியிருக்கிறார். எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, அவர்மேல் கொள்ளைக் கோபமாகவும் இருக்கிறது. என்னிடம் சொன்னால் நான் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவேன் என்று நினைத்தாரா? சொல்லியிருப்பேனோ என்னவோ. அதுவும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. இப்போது இதைக் குரூப்பில் போடுவதற்கு உன் பெரியப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "போடும்மா, என் பொண்ணுங்களே பாட்டி ஆயிட்டாங்க, இனிமே இன்னா? எந்தம்பி ஏமாளி இல்லன்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்றார்.

மறுநாள் அவரைத் துப்பாக்கிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் நல்ல மனுஷர், காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவர் கையில் கொடுத்தார். அமெரிக்காவா பெல்ஜியமா என்று பெரியப்பா கேட்கவே இல்லை. தோளில் வைத்து, இறக்கி, மறுபடி வைத்தார். நான் தேய்த்துப் பாழாக்கின பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டே பிடித்திருந்தார். அது தெரிந்து செய்ததா என்று எனக்குத் தெரியாது. அரசாங்கத்திடம் ஒப்படைக்க என்ன செய்ய வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். உனக்கு வேறு யோசனை இருந்தால் சொல், ஆனால் விற்பது என்ற பேச்சை எடுக்காதே.

நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய், ஒரு அம்மாவாக நான் ஏதாவது சொல்ல வேண்டும். உன் அப்பாவை நான், "ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு ஒரு தடவைகூட பதிலுக்காக நின்றதில்லை, அடுப்படிக்குப் போய்விடுவேன். நீ நித்யாவிடம் ஏதாவது கேட்டால் அவள் சொல்லும்வரை அங்கேயே இரு. நித்யா, நீயும் அப்படியே. அவன் டிவி சத்தத்தைக் கூட்டினால் எழுந்துபோய் அணைத்துவிடு.

கடையை வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் குழப்பம்தான். துப்பாக்கிக்கு விலையாக வாங்கக் கூடாது என்பது மட்டும் தெரிகிறது. அதை நீயும் பெரியப்பாவும் பேசிக்கொள்ளுங்கள். உன் பத்திரிகையில் அப்பா பெயர் வர வேண்டிய இடத்துக்குக் கீழே அவர் பெயரைப் போடச் சொல்லிவிட்டேன், மணவறையில் அப்பா இடத்தில் அவர்தான் நிற்பார். அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு வா. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போவோம். போனதும் கடைப் பேச்சை எடுக்காதே. உன் அப்பா அங்கே வந்து உட்கார்ந்து என்னவெல்லாம் பேசுவார், எதற்கெல்லாம் சிரிப்பார் என்று கேள். அதெல்லாம் தெரிந்த ஆள் இப்போது அவர் ஒருவர்தான். நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா